பழைய தாய்ப்பலகையை எறியும் முன்: வீங்கிய கப்பாசிற்றர்களை மாற்றுவது எப்படி?

வீட்டு மூலையில் பழைய மேசைக் கணினி ஒன்று தூசி பிடித்துக் கிடக்கிறதா? 2001க்கும் 2006க்கும் இடையில் வாங்கியதா? முதல் தடவை பொத்தானை அமுக்கினால் விசிறி மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் தடவையில்தான் எழுத்து வரும். வந்த பிறகும் அரை மணித்தியாலத்தில் தானாகவே நின்று மறுபடி தொடங்கும். இப்படியான கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால் அநேகமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "போர்ட் போட்டுது, புதுசு வாங்குங்கோ."

அந்தப் பதில் பல வேளைகளில் சரியானதல்ல. போனது போர்ட் அல்ல. அதன் மேல் நிற்கும் சுண்டுவிரல் அளவான சில உருளைகள்தான். பாடசாலைப் புத்தகத்தில் அவற்றுக்குக் கொள்ளளவி என்று பெயர். கடையிலும் வேலை மேசையிலும் கப்பாசிற்றர். ஒன்றின் விலை ஒரு பால்தேநீரின் விலையைச் சுற்றித்தான் நிற்கும். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துவதைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில், எதைப் பார்ப்பது, எதை மாற்றுவது, எப்போது கைவிடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். சோல்டரிங் அயன் பிடித்துப் பழகியவர்கள் தாங்களே செய்யலாம். பழகாதவர்கள், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். புரொசசரின் மேல் இருக்கும் விசிறியைச் சுற்றி வரிசையாக உருளைகள் நிற்கும். அவற்றின் உச்சி கண்ணாடி போலத் தட்டையாக இருக்க வேண்டும். உச்சியில் 'கே' அல்லது 'எக்ஸ்' எழுத்துப் போல, அல்லது கூட்டல் குறி போலக் கீறல்கள் இருக்கும். அது அலங்காரமல்ல. உள்ளே வாயு கூடினால் உருளை குண்டு போல வெடிக்காமல், அந்தக் கீறல் வழியே பிளந்து வாயுவை வெளியே விடுவதற்கான ஏற்பாடு. உச்சி சற்றே மேடாக இருந்தாலும், கீறலில் மண்ணிறப் பொருக்கு காய்ந்திருந்தாலும், உருளை சாய்ந்து அடியிலுள்ள இறப்பர் வெளியே தள்ளியிருந்தாலும் அது போய்விட்டது. நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வீக்கம் விரலுக்குத் தெரியும்.

ஒரு தலைமுறைக்கே வந்த நோய்

அலுமினியக் கப்பாசிற்றருக்குள் இருப்பவை சுருட்டிய இரண்டு அலுமினியத் தாள்களும், இடையில் ஒரு திரவத்தில் ஊறிய காகிதமும். ஒரு தாளின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டு. மின்னைத் தடுத்து வைத்திருப்பது அதுதான். 1990களின் பிற்பகுதியில் புரொசசர்கள் வேகமெடுத்தபோது, உள்தடை மிகக் குறைந்த கப்பாசிற்றர்கள் தேவைப்பட்டன. தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்த திரவம் அதற்கு மலிவான வழி. ஆனால் தண்ணீர் அலுமினியத்தைத் தொட்டால் தாக்கும். ஐதரசன் வாயு உண்டாகும். அதைத் தடுக்கச் சரியான அளவில் வேறு இரசாயனங்களும் சேர்க்க வேண்டும். அவை இல்லாத திரவம் புதிதில் நன்றாக வேலை செய்யும். ஒன்றிரண்டு வருடங்களில் உருளை ஊதும்.

2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில வருடங்களில் இப்படியான உருளைகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. 2002இல் இத்துறைச் சஞ்சிகைகளில் ஒரு கதை வெளிவந்தது. ஜப்பானின் ரூபிக்கொன் நிறுவனத்தில் இருந்த விஞ்ஞானி ஒருவர் சீனாவின் லூமினஸ் ரவுன் எலெக்ரிக் என்ற நிறுவனத்துக்குப் போய் அதே போன்ற திரவத்தைத் தயாரித்தார், அவரிடமிருந்து விலகிய ஊழியர்கள் அந்தச் சூத்திரத்தைத் தாய்வானுக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுபோனது அரைகுறைச் சூத்திரம் என்பது அந்தக் கதை. ஆங்கிலத்தில் இதற்குக் 'கப்பாசிற்றர் கொள்ளைநோய்' என்ற பொருளில் ஒரு பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் எல்லாப் பழியையும் திருட்டுச் சூத்திரத்தின் மேல் போட முடியாது. டெல் நிறுவனத்தின் ஒப்ரிபிளெக்ஸ் கணினிகளில் ஊதியவை ஜப்பானின் பெயர்பெற்ற நிச்சிக்கொன் உருளைகள். 2003 மே மாதத்துக்கும் 2005 ஜூலை மாதத்துக்கும் இடையில் டெல் விற்றவற்றில் குறைந்தது 1 கோடியே 18 இலட்சம் கணினிகள் பழுதாகும் ஆபத்தில் இருந்தன என்பது பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் 2010இல் வெளிவந்தது. இந்தத் திருத்தச் செலவுக்காக அந்த நிறுவனம் 2005இல் 30 கோடி அமெரிக்க டொலரை ஒதுக்க வேண்டியிருந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறையினர் தங்கள் கணினிகள் செத்துப்போவதாக முறையிட்டபோது, கடினமான கணக்குகளைச் செய்வித்து அவற்றைக் களைக்கப்பண்ணியதுதான் காரணம் என்று பதில் கிடைத்ததாக நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்குவது எங்கள் ஊர்க் கடைகளுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல.

இந்த நோய் யாழ்ப்பாணத்தை ஒரு தனி விதத்தில் பிடித்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதற்கு முன்பு பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து லொறி லொறியாகக் கணினிகள் வந்தன. வீடுகள், தனியார் கல்வி நிலையங்கள், தொலைத்தொடர்பு நிலையங்கள், அச்சகங்கள் என்று எல்லோரும் தங்கள் முதலாவது கணினியை வாங்கியது 2002க்கும் பாதை மீண்டும் பூட்டப்பட்ட 2006 ஓகஸ்டுக்கும் இடையில்தான். கெட்ட உருளைகள் உலகெங்கும் போன அதே காலம். என் மேசைக்கு வரும் அந்தக் காலத்துத் தாய்ப்பலகைகளில் வீங்கிய கப்பாசிற்றர் இல்லாத ஒன்றைக் கண்டால் நான் ஆச்சரியப்படுவேன்.

அந்த உருளை செய்யும் வேலை

கிணற்று மோட்டார் விட்டு விட்டுத் தண்ணீர் இறைக்கிறது. மேலே உள்ள தாங்கி அதை வாங்கி வைத்துக் குழாயில் ஒரே சீராக விடுகிறது. தாய்ப்பலகையில் நடப்பதும் இதுதான். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ற்றை, மொஸ்பெற் எனப்படும் ட்ரான்சிஸ்ரர்கள் ஒரு செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்ப, சுருள்களும் கப்பாசிற்றர்களும் அதை 1.5 வோல்ற் அளவான சீரான மின்னாக்கிப் புரொசசருக்குக் கொடுக்கின்றன. 60 வாற் எடுக்கும் பென்ரியம் 4 புரொசசர் ஒன்றுக்கு 1.5 வோல்ற்றில் 40 அம்பியர் போகிறது. எங்கள் வீடுகளுக்கு வரும் சிங்கிள் பேஸ் இணைப்பே பொதுவாக 30 அம்பியர்தான். இவ்வளவும் பாயும் இடத்தில் தாங்கி ஓட்டையானால் வோல்ற்றளவு துடிக்கும், புரொசசர் தடுமாறும். ராமுக்கு அருகிலுள்ள உருளை போனால் நினைவகத்தில் எழுதியது ஒன்றாகவும் வாசிப்பது வேறொன்றாகவும் இருக்கும்.

இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கணினி எழும்பாமல் விட்டால் நட்டம் கணினியோடு போகும். ஆனால் அரைகுறையாக எழும்பி, தவறான தரவை வன்தட்டில் எழுதத் தொடங்கினால் கோப்புகளும் சேர்ந்து கெடும். ஆகவே வீங்கிய உருளையைக் கண்ட பிறகு "இன்னொருக்கால் போட்டுப் பார்ப்பம்" என்று பொத்தானை அமுக்காதீர்கள்.

முதலில் வன்தட்டு, பிறகுதான் திருத்தம்

அண்மையில் வலிகாமத்தில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தின் கணினி என்னிடம் வந்தது. 2003இல் வாங்கிய பென்ரியம் 4, 40 கிகாபைற் வன்தட்டு, விண்டோஸ் 98. அதன் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய ஐயா. இரண்டு கடைகளில் கைவிரித்த பிறகு வந்திருந்தார். திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் என்று எல்லாம் அடித்தாலும், அந்த அச்சகத்தின் முக்கிய வேலை கல்வெட்டு. செத்தவீட்டின் 31ஆம் நாளில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, திதி வெண்பா, தேவாரம் எல்லாம் இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஐயா கணினியைத் தொட்டுச் சொன்னார்: "தம்பி, உதுக்குள்ளை என்ரை ஊர்ச்சனத்திலை அரைவாசி படுத்துக் கிடக்குது."

அவர் மிகைப்படுத்தவில்லை. புத்தகத்தில் அச்சானது சிறு படம். கணினியில் இருப்பது அதற்காக ஸ்கான் செய்த முழுப் படம். வன்னிக்குப் போய் 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெறுங்கையோடு வந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு, தாய் தகப்பனின் முகம் மிஞ்சியிருப்பது இப்படியான இடங்களில்தான்.

அதனால் நான் தாய்ப்பலகையைத் தொடவேயில்லை. முதலில் வன்தட்டைக் கழற்றினேன். பழைய அகலப் பட்டி வயர் பொருந்தும் தட்டுகளை யு.எஸ்.பி வழியாக இணைக்கும் சிறு கருவி கொழும்பிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. லினக்ஸ் கணினி ஒன்றில் அதைக் கொழுவி, தட்டு முழுவதையும் அப்படியே ஒரு படிமமாகப் பிரதி எடுத்தேன். கோப்புகளைத் தனித்தனியே இழுத்துப் போடுவதை விட இது நல்லது. பழைய தட்டு எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. டிடி-ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் வாசிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, வாசிக்கக் கஷ்டமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் திருத்தம் எதற்கு? பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. படங்களையும் ஆவணங்களையும் வேறு கணினியில் திறந்துகொள்ளலாம். ஐயாவின் நிலை வேறு. கல்வெட்டுகள் எல்லாம் பேஜ்மேக்கரில் பக்கமாக்கப்பட்டவை. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அந்த மென்பொருள் முடிந்துபோனது. அதன் வாரிசான இன்டிசைனின் இன்றைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. போதாததற்கு எழுத்துரு. யுனிக்கோட் பரவுவதற்கு முந்திய காலம். பாமினி போலத் தனக்கென்று ஒரு விசைமுறை வைத்திருந்த வேறொரு எழுத்துருத் தொகுதி. பிரிண்டர் கொழுவும் இணைப்பில் தீப்பெட்டி அளவான ஒரு பூட்டைச் செருகினால்தான் அது இயங்கும். பூட்டு இல்லாத கணினியில் பக்கம் முழுக்க வெறும் பெட்டிகள். விற்ற நிறுவனம் இன்று இல்லை. ஆகவே அந்தத் தாய்ப்பலகைதான் எழும்ப வேண்டும்.

எதையும் கழற்ற முன்

கணினி எழும்பாததற்கு எல்லா நேரமும் கப்பாசிற்றர் காரணமல்ல. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ராம் அட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இந்தப் பற்கள் மங்குவது சாதாரணம். நாணயம் போன்ற சி.ஆர். 2032 பற்றரியை மீற்றரால் அளவுங்கள். 3 வோல்ற் இருக்க வேண்டும், 2.5 அளவுக்கு இறங்கியிருந்தால் மாற்றுங்கள். திகதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போவது இதன் அறிகுறி. பல்லி முட்டை, எறும்புக் கூடு, செத்த கரப்பான் எல்லாவற்றையும் தூரிகையால் தட்டிவிடுங்கள். நான் ஒருமுறை ராம் செருகும் இடத்தில் பல்லிக்குஞ்சின் எலும்புக்கூடு கண்டிருக்கிறேன். அதை எடுத்ததும் கணினி எழும்பியது.

பிறகு வேறு நல்ல மின்வழங்கி ஒன்றைக் கொழுவிப் பாருங்கள். மின்வழங்கிக்குள்ளும் இதே நோய்பட்ட உருளைகள் உண்டு. ஆனால் அதைத் திறக்காதீர்கள். எங்கள் 230 வோல்ற் மின்சாரம் உள்ளே நேர்மின்னாகும்போது ஏறத்தாழ 325 வோல்ற் ஆகிறது. வயரைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் பெரிய கப்பாசிற்றர்களில் தங்கி நிற்கும். ஆளைக் கொல்லப் போதும். அனுபவமில்லாதவர்கள் மின்வழங்கியை முழுதாக மாற்றுவதே நல்லது.

தாய்ப்பலகையில் இந்த ஆபத்து இல்லை. ஆனாலும் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, கணினியின் பொத்தானைச் சில செக்கன் அமுக்கிப் பிடித்து மிச்ச மின்னை வடியவிட்ட பிறகே கை வையுங்கள்.

மல்ரிமீற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கொள்ளளவு காட்டும் மீற்றரில் சரியான அளவு காட்டும் உருளையும் கெட்டதாக இருக்கலாம். இங்கே முக்கியம் உள்தடை. அதை அளக்க ஈ.எஸ்.ஆர் மீற்றர் வேண்டும். பலகையில் இருந்தபடி அளந்தால் பக்கத்தில் சமாந்தரமாக உள்ள நல்ல உருளைகள் கெட்டதை மறைத்துவிடும். கழற்றி அளப்பதுதான் நம்பகமானது. கழற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் அளந்து மினக்கெடுவானேன்? ஊதியதோடு பிறந்த அதே நிற, அதே பெயருள்ள உருளைகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இன்று நேராக நிற்பது அடுத்த சித்திரை வெயிலில் ஊதும்.

உருளை தேடுதல்

உருளையின் உடம்பில் மூன்று விடயங்கள் எழுதியிருக்கும்: கொள்ளளவு, வோல்ற்றளவு, தாங்கும் வெப்பநிலை. உதாரணமாக 3300 மைக்ரோபரட், 6.3 வோல்ற், 105 பாகை. கொள்ளளவு அதேயளவு இருக்கட்டும்; சற்றுக் கூடினால் பாதகமில்லை. வோல்ற்றளவு கூடலாம், ஒருபோதும் குறையக் கூடாது. வெப்பநிலை 105 பாகையாகவே இருக்க வேண்டும். 85 பாகை உருளைகள் றேடியோவுக்குச் சரி, இங்கே வேண்டாம். இந்த உருளைகளின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும். 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று குறித்த உருளை, 65 பாகையில் 32,000 மணித்தியாலம் தாங்கும். புரொசசர் விசிறியில் தூசி அடைத்திருந்தால் இந்தக் கணக்கு மறுபக்கம் ஓடும்.

எல்லாவற்றிலும் பெரிய விடயம், கடையில் "லோ ஈ.எஸ்.ஆர்" என்று கேட்டு வாங்குவது. சாதாரண உருளையும் பொருந்தும், கணினியும் எழும்பும். சில வாரங்களில் திரும்பவும் என்னிடம்தான் வரும். பனசோனிக் எப்.ஆர், எப்.எம், ரூபிக்கொன் செற்.எல் போன்ற தொடர்கள் நம்பகமானவை. ஆனால் பெயரை மட்டும் நம்ப முடியாத சந்தை இது. பெரிய உறைக்குள் சிறிய உருளையை வைத்து விற்கும் வித்தையும் உண்டு. 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போய், இறக்குமதியும் முடங்கியபோது நல்ல உருளை கிடைக்கவே இல்லை. அப்போது நாங்கள் செய்தது, வேறு காரணத்தால் செத்த புதிய தாய்ப்பலகைகளிலிருந்து திண்மப் பொலிமர் உருளைகளைக் கழற்றிப் போட்டது. அவற்றுக்குள் திரவம் இல்லாததால் ஊதுவதில்லை. புரொசசரைச் சுற்றிய இடங்களில், கொள்ளளவு ஓரளவு குறைந்தாலும் உள்தடை மிகக் குறைவு என்பதால், அவை நன்றாகவே வேலை செய்கின்றன. இன்றும் தெரியாத பெயருள்ள புது உருளையை விட இதையே விரும்புவேன்.

அளவையும் பாருங்கள். 8 மில்லிமீற்றர் விட்டமுள்ளதன் கால்களுக்கு இடையே 3.5 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் விட்டமுள்ளதற்கு 5 மில்லிமீற்றர். உயரமும் முக்கியம், விசிறிச் சட்டத்தில் முட்டினால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றுதலும் பொருத்துதலும்

கையிலுள்ள தொலைபேசியால் பலகையைப் பல கோணத்தில் படம் எடுங்கள். இந்த உருளைகளுக்குத் திசை உண்டு. உடம்பில் கோடு ஓடும் பக்கம் மறை. பலகையில் வட்டத்தின் பாதியை நிரப்பிக் காட்டியிருப்பார்கள்; பெரும்பாலும் நிரப்பிய பாதி மறை, சில பலகைகளில் அதுவே நேர். ஆகவே அச்சை நம்பாமல் படத்தை நம்புங்கள். திசை மாறினால் மின் கொடுத்ததும் உருளை சூடேறிப் பிளக்கும்.

தாய்ப்பலகை நான்கு, ஆறு செப்பு அடுக்குகள் கொண்டது. மறைக் கால் உள்ளே ஒரு முழுச் செப்புத் தாளோடு இணைந்திருக்கும். அயனில் இருந்து போகும் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். றேடியோ ஒட்டும் 25 வாற் அயன் இங்கே தோற்கும். வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய 60 வாற் அயனும் தடித்த முனையும் வேண்டும். மெல்லிய முனையால் நீண்ட நேரம் சுட்டால்தான் பலகை கெடும். தடித்த முனையால் சிறு நேரம் சுட்டால் கெடாது.

பழைய ஈயத்தின் மேல் முதலில் புது ஈயம் கொஞ்சம் சேருங்கள். வினோதமாகத் தோன்றும், ஆனால் இதுதான் வேலையின் சூட்சுமம். புது ஈயத்திலுள்ள பிளக்ஸ் பழையதைக் கரையவைக்கும். 63/37 கலவை 183 பாகையில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பியத் தடை வந்த பிறகு செய்த பலகைகளில் ஈயமில்லாத கலவை. அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பலகை இந்த விடயத்தில் கையாள இலகு. கீழே ஒரு காலைச் சூடாக்கியபடி மேலே உருளையை ஒரு பக்கம் மெல்லச் சாய்க்கவும். பிறகு மற்றக் கால், மற்றப் பக்கம். பல் ஆடுவது போல ஆடி ஆடி வெளியே வரும். இழுக்கக் கூடாது. துளையின் உட்சுவரில் ஒரு செப்புக் குழாய் இருக்கிறது. உள் அடுக்குகளை இணைப்பது அதுதான். இழுத்தால் உருளையோடு அதுவும் வரும். அத்தோடு பலகை முடிந்தது. இதே காரணத்தால் அடைபட்ட துளையைத் துரப்பணத்தால் குடையவும் கூடாது.

துளையைத் திறக்க ஈயம் உறிஞ்சும் பம்பும் செப்பு வலையும் உண்டு. அவை தோற்றால் பல்லுக்குத்தும் குச்சி. ஒரு பக்கம் ஈயத்தை உருக்கி, மறுபக்கத்தால் குச்சியைச் செருகி, ஆறியதும் எடுத்தால் துளை தெளிவாக இருக்கும். கூராக்கிய ஈர்க்கும் போதும். மரத்தில் ஈயம் ஒட்டாது.

கசிந்த திரவம் காய்ந்த இடங்களை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட்டு, புது உருளைகளைத் திசை பார்த்துச் செருகி ஒட்டுங்கள். ஈயம் துளை வழியே ஏறி மேற்பக்கத்திலும் எட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிய மீற்றரால் 12 வோல்ற் முனைக்கும் நிலத்துக்கும் இடையிலான தடையைப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நின்றால் மொஸ்பெற் ஒன்று குறுக்கிணைந்திருக்கிறது என்று பொருள். மின் கொடுக்க வேண்டாம். ஈயப் புகையை மூச்சில் இழுக்காமல் சன்னலோரம் இருந்து வேலை செய்யுங்கள், சாப்பிட முன் கை கழுவுங்கள், மேசையில் சிந்திய துகள்கள் சிறுபிள்ளைகளின் கைக்குப் போகாமல் பாருங்கள்.

ஐயாவின் பலகையில் ஊதியிருந்தவை ஒன்பது. அதே பெயருள்ள பதினாறையும் மாற்றினேன். புரொசசரின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிது பூசினேன். முதல் தடவை மின் கொடுத்தது வன்தட்டு இல்லாமல், ஒரேயொரு ராம் அட்டையோடு, மரமேசையின் மேல். பயோஸ் திரையில் வோல்ற்றளவுகளைப் பார்த்தேன். 3.3, 5, 12 ஆகியவை ஐந்து வீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகவில்லை. அன்றிரவு முழுவதும் மெம்ரெஸ்ற் ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகே வன்தட்டு கொழுவினேன். அதுவும் மூலத் தட்டு அல்ல. படிமத்திலிருந்து இன்னொரு பழைய தட்டில் இறக்கிய பிரதி.

எப்போது விட்டுவிடுவது

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மொஸ்பெற் எரிந்து அடியில் பலகை கருகியிருந்தால், உள் அடுக்குகளும் போயிருக்கும். இன்னும் பழைய, 486 காலத்துப் பலகைகளில் பீப்பாய் வடிவப் பற்றரி கசிந்து செப்புத் தடங்களைத் தின்றிருந்தால் ஒவ்வொரு தடமாகத் தேடி வயர் ஒட்ட வேண்டும். பொழுதுபோக்குக்குச் செய்யலாம், தொழிலாகக் கட்டாது. அதோடு, பென்ரியம் 4 கணினி மின்சாரத்தைக் குடிக்கும். பிள்ளை படிப்பதற்கு என்றால் அந்தக் காசைத் திருத்தத்தில் போடாமல் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்குங்கள். பழைய பலகையில்தான் ஓடும் என்ற ஏதாவது ஒன்று உங்களிடம் இருந்தால் மட்டும் திருத்துங்கள். ஆய்வுகூடத்து அளவுகருவி, ஆடைத் தொழிற்சாலையின் வடிவம் வெட்டும் இயந்திரம், பழைய கணக்கு மென்பொருள், ஓர் அச்சகத்தின் கோப்புகள். அப்படியான இடங்களில் கடைக்காரர் "போர்ட் போட்டுது" என்றால், "கப்பாசிற்றர் பார்த்தனீங்களோ?" என்று கேளுங்கள்.

திருத்திய பிறகு ஒரு யு.பி.எஸ் அவசியம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது என் மேசை நிறைந்ததற்குக் காரணம், மின் போனதை விட அது திரும்பி வந்த விதம்.

ஐயாவின் கணினியில் இப்போது நடப்பது அச்சு வேலை அல்ல. பேஜ்மேக்கரில் ஒவ்வொரு கல்வெட்டாகத் திறந்து, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப் ஆக்குகிறோம். பக்கம் அப்படியே நிலைக்கும், ஆனால் பெயரைத் தேட முடியாது. அதற்காக இறந்தவரின் பெயர், ஊர், திகதி மூன்றையும் யுனிக்கோட்டில் தனியே ஒரு பட்டியலில் தட்டச்சுச் செய்பவர் ஐயாவின் பேத்தி. ஸ்கான் செய்த படங்கள் வேறு கோப்புறையில், மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில். 2003இல் தொடங்கி இதுவரை 2007 நடுப்பகுதிக்கு வந்திருக்கிறோம். கணினி காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைதான் ஓடும். வெயில் ஏறியதும் ஐயாவே எழும்பி வந்து நிறுத்திவிடுவார்.